டொரண்டோவுக்குப் போகும் வழியில் குற்றாலம்

“…போன்ல தட்டிப் பாத்தா பதிமூணாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருங்கு, அம்புட்டும் ஆகாசத்துல. நான் என்னடான்னா நம்ம தெருவையே தாண்ட முடியாம இங்கன கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கேன்” என்றாள் அக்கா.

அவள் பிடித்துக்கொண்டு நின்றது எங்கள் தெருவின் மேற்குக் கோடியில் இருக்கும் டீச்சர் வீட்டு முன்கூடத்துக் கம்பிக் கதவை. கதவில் பூட்டு தொங்கியது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம், நாலடி தள்ளி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அக்காவின் நீலக் கைப்பை விருந்துக்கு வந்த ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்குள் அவளுடைய பாஸ்போர்ட், விசாத் தாள், டிக்கெட் எல்லாம் இருந்தன. எங்களுக்குப் பின்னால், திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போக வேண்டிய வாடகைக் கார் டிக்கியில் இரண்டு பெரிய பெட்டிகளோடு நின்றது. டீச்சர் வீட்டில் இல்லை. போன் அடித்தால் மணி போனது, ஆள் எடுக்கவில்லை.

தென்காசியில் ஆனி மாதச் சாரல் பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. தூறல் விழுந்தும் விழாமலும் இருந்தது. அக்கா கம்பியை விடவில்லை. அவளுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. நிற்க வேண்டிய இடத்தில் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்பாள்.

அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். ஒரே தெருவில்தான் இருக்கிறோம். நான் ஜாக்கெட் தைக்கிறவள். பள்ளிக்கூடத்தில் படித்தது பத்தாம் வகுப்பு வரை. மிச்சமெல்லாம் என் தையல் மெஷினுக்கு எதிரே வந்து உட்காருகிறவர்கள் வாயிலிருந்து படித்தது. அவர்கள் போகிற போக்கில் சொல்கிறதை நான் சும்மா விடுவதில்லை. ராத்திரி படுக்கும்போது ஒருதரம் நினைத்துப் பார்த்துக்கொள்வேன். தூரத்தைப் பற்றியே எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். கணவர் சார்ஜாவில் இருக்கிற ஒரு பிள்ளை, “சார்ஜா பக்கந்தான் மதினி, மெட்ராசுதான் தூரம். அங்க நாலு மணி நேரத்துல போயிரலாம், இங்க ஒரு ராத்திரி முழுசும் ரயில்ல கெடக்கணும்” என்பாள். மகனை ராணுவத்துக்கு அனுப்பிய இன்னொருத்தி, “அவன் இருக்க எடம் எம்புட்டு தூரம்னு என்ட்ட கேக்காதிய. லீவு கெடச்சா பக்கம், கெடைக்கலன்னா தூரம்” என்றாள். குற்றாலம் போகிற மினி பஸ் கண்டக்டர் ஒருவர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, “சீசன் வந்துட்டா குத்தாலம் ரொம்ப தூரமாப் போயிரும்க்கா” என்றார். அப்போது சிரித்தேன்.

அக்காவுக்கு ஒரே மகள். கல்யாணமாகி டொரண்டோவில் இருக்கிறாள். முதல் பிள்ளை பிறந்தது கொரோனா காலத்தில். விமானமே ஓடவில்லை. அக்கா இங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு பேரன் பிறந்த செய்தியைக் கேட்டாள். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது உடன் இருக்க ஒருவரும் இல்லை. மருமகனுக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியாது. அக்கா தன் வீட்டுக் கூடத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு தலையணையைக் காலின்மேல் குப்புறப் போட்டு, போனுக்கு முன்னால் அதற்கு எண்ணெய் தேய்த்துக் காட்டினாள். அத்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கழுத்தத் தாங்கிப் புடிங்க மாப்ள. தண்ணிய மேலருந்து ஊத்தாதிய, பைய, பைய” என்று தலையணையின் கழுத்தைத் தாங்கிக்கொண்டே சொன்னாள். அங்கே பிள்ளை அழுதது, மகளும் அழுதாள். பேசி முடித்த பிறகும் அக்கா அந்தத் தலையணையைக் காலிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

“அடுத்த பேறுக்கு நான் அங்கன இருப்பேன்ட்டி” என்றாள் என்னிடம். மகளிடமும் அதையே சொன்னாள். மகளும் அதை மறக்கவில்லை. இப்போது இரண்டாவது. நிறைமாசம். டாக்டர் சொன்ன நாளுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. இந்த விமானத்தை விட்டால் அடுத்த வாரக் கடைசி வரைக்கும் இடமே இல்லை என்று மருமகன் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

போகிறேன் என்று சொல்வது ஒன்று, போய்ச் சேர்வது வேறு. பாஸ்போர்ட்டுக்கு அலைந்தது, விசாவுக்குக் கைரேகை வைக்கச் சென்னைக்குப் போய்வந்தது எல்லாம் சேர்த்து அக்காவைப் பாதி ஆளாக்கிவிட்டன. அங்கே அவள் விரலை மெஷினில் வைத்தால் ரேகை விழவில்லை. துடைத்துத் துடைத்து வைத்தாள். “பாத்திரம் வெளக்கி வெளக்கித் தேஞ்சு போச்சும்மா” என்று மெஷினுக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் மன்னிப்பு கேட்கிற மாதிரி சொன்னாள். ரயிலில் திரும்பி வரும்போது, “அந்த ஊரு என்ன வேண்டாங்குதோ என்னமோ” என்றாள். நான் கூடப் போயிருந்தேன். எனக்கும் அலுப்பு.

டிக்கெட் வந்த பிறகு தொடங்கியது தூரக் கணக்கு. திருவனந்தபுரத்திலிருந்து தோஹாவுக்கு நாலரை மணி நேரம். அங்கே விமானம் மாற வேண்டும், அதற்குக் காத்திருக்க வேண்டும். பிறகு ஒரே மூச்சாகப் பதினாலு மணி நேரம். இதை மகள் ஒருதரம் போனில் சொன்னாள். நான் ஊருக்கெல்லாம் சொன்னேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்டது அது ஒன்றுதான். எம்புட்டு தூரம், எம்புட்டு நேரம். அக்காவே சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து, “இன்னொருக்க சொல்லு” என்பாள். நான் சொல்வேன். அவள் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்பாள். அத்தான் போனில் தட்டி, “நேர்கோட்டுல போட்டா இம்புட்டு” என்று கிலோமீட்டர் சொல்வார். எதிரே மாவு மில் வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, “பதினாலு மணி நேரமா உக்காந்தா போவாவ? எங்க மச்சினன் கல்யாணப் பந்தில ஒரு மணி நேரம் உக்காந்ததுக்கே இடுப்பு புடிச்சிக்கிட்டு” என்றார். அக்கா சிரிக்கவில்லை.

ராத்திரி என்னிடம் தனியாகச் சொன்னாள்: “கேக்கவங்ககிட்ட நேரத்தச் சொல்லாதட்டி இனிமே. சொல்லச் சொல்ல அது நீளுது.”

இந்தக் களைப்புக்கு நடுவில்தான் சூலம் வந்து சேர்ந்தது. மருமகன் டிக்கெட் போட்டது ஞாயிற்றுக்கிழமைக்கு. அத்தான் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மடியில் வைத்துப் பார்த்தார். ஞாயிறு, வெள்ளி இரண்டு நாளும் மேற்கே சூலம். அந்தத் திசையில் பயணம் கிளம்பக் கூடாது. திருவனந்தபுரமோ எங்களுக்கு மேற்கு.

“டொரண்டோ எந்தத் தெசைல இருக்கு அத்தான்?” என்று கேட்டேன்.

“அது எங்க கெடந்தா என்ன? நாம செங்கோட்ட வழியாத்தான போறோம். அது மேக்கதான.”

மகள் போனில் சிரித்தாள். “அப்பா, உலகம் உருண்டைப்பா. கெழக்க சுத்தியும் இங்க வரலாம்.”

“அப்ப அதுக்கு ஒரு டிக்கெட்டு போடு” என்றார் அத்தான்.

அவர் மின்சாரக் கம்பத்தில் ஏறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வேலைக்கும் முன்னால் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்கிற பழக்கம் அப்படி வந்தது. அக்காவுக்கு டிக்கெட் வந்த நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஆறு மாதம் அவர் தனியாக இருக்க வேண்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சூலத்தைப் பற்றித்தான் பேசினார்.

சூலத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, போக வேண்டிய திசையில் இருக்கிற ஒரு வீட்டில், பயணச் சாமான் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பரஸ்தானம் என்று சொல்வார்கள். அதை வைத்த நேரமே ஆள் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் மட்டும் திரும்பி வரக் கூடாது.

“ஒரு மஞ்சப்பைல துண்டு ஒண்ணப் போட்டு வச்சாப் போதாதா?” என்றேன்.

“துண்டா டொரண்டோ போகுது?” என்றார் அத்தான். “எது இல்லாட்டி பயணம் நடக்காதோ அத வச்சாத்தான் அது பயணம். மத்ததெல்லாம் வெளையாட்டு.”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிற மாதிரிதான் எங்கள் எல்லாருக்கும் பட்டது. அக்காவுக்கும்தான். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றையும் நீலக் கைப்பையில் வைத்து, மேலே ஒரு துளி குங்குமம் இட்டு, சனிக்கிழமை காலையில் தெருவின் மேற்குக் கோடிக்கு மூன்று பேருமாகப் போனோம். டீச்சர் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். பையை இரண்டு கையாலும் வாங்கி, நாற்காலியைத் துடைத்து அதன்மேல் வைத்தார்.

“பிளைட்டு எப்ப?” என்று கேட்டார்.

“நாளைக்கி ராத்திரி எட்டரைக்கு டீச்சர்” என்றாள் அக்கா.

“நாலரை மணி நேரம் தோஹாவுக்கு. என்ன?” என்று அவரும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தலையை ஆட்டினார். டீ போட்டுக் கொடுத்தார். நாங்கள் குடித்துவிட்டு வந்தோம். கார் எத்தனை மணிக்கு வரும் என்று நாங்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வானத்து நேரத்தைப் பற்றியே ஒரு மாதம் பேசிக்கொண்டிருந்ததில் எங்களுக்குத் தரை நேரம் மறந்து போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கார் வந்தது. ஓட்டி வந்தவர் இலத்தூர்க்காரர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், விமான நிலையத்துக்கே ஓடிப் பழகியவர். பெட்டிகளை அவரே தூக்கி வைத்தார். நானும் அத்தானும் வழியனுப்பக் கூடப் போவதாக ஏற்பாடு. அக்கா வீட்டுக்குள் ஒரு சுற்று வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். அத்தானிடம் தோசை மாவு எங்கே இருக்கிறது என்று மூன்றாவது தடவையாகச் சொன்னாள். வாசலில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் நின்றார்கள். காரில் ஏறினோம். தெருவின் கடைசி வரை, எண்ணி நூறு அடி இருக்கும், ஓடிய பயணம் அங்கே நின்றுவிட்டது.

மாவு மில் அண்ணாச்சி கையில் மாவோடு வெளியே வந்தார். “டீச்சரா? காலைலயே சாத்தூர்லருந்து அவங்க தம்பி வீட்டுக்காரங்க வேன்ல வந்தாவ. குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ. சாப்பாடெல்லாம் கட்டி எடுத்துக்கிட்டுத்தான் போனாவ. மெயின் அருவின்னு சொன்ன மாதிரி இருந்துச்சு.”

டிரைவர் வாட்சைப் பார்த்தார். “ஒன்றரைக்குள்ள இங்கருந்து எடுத்தாத்தான்ம்மா எனக்கு தைரியம். மல ரோடு சும்மாவே நாலு மணி நேரம். புளியரை ஏத்தத்துல லாரி நிக்கும், தென்மலைல மழ. அதுக்கு மேல ஆச்சுன்னா நான் வாக்குக் குடுக்க மாட்டேன். பிளைட்டு எட்டரைக்குன்னாலும் அவன் கவுண்டர ஒரு மணி நேரம் முந்தியே மூடிருவான்.”

மாவு மில் அண்ணாச்சி உள்ளே போய் ஒட்டடைக் கம்பு கொண்டுவந்தார். கம்பிக்குள் விட்டுத் துழாவினார். பையின் வாரில் கம்பு மாட்டியது. இழுத்தால் நாற்காலியும் சேர்ந்து வந்தது. கம்பி வரைக்கும் வந்த பிறகுதான் தெரிந்தது, கம்பிகளுக்கு இடையில் கைகூட நுழையாது, பை எங்கே நுழையப் போகிறது. கம்பால் திருப்பித் தள்ளியதும் நாற்காலி வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே போய் நின்றது.

“பூட்ட ஒடச்சிருவமா? ஒரு தட்டு தட்டினா வந்துரும்” என்றார் அண்ணாச்சி.

“ஒடைக்கக் கூடாது” என்றார் அத்தான். சத்தமாகச் சொல்லவில்லை. “அடுத்த வீட்டுப் பூட்ட ஒடச்சு எடுத்த பையோட ஒரு நல்ல காரியத்துக்குப் போக முடியுமா? அது அபசகுனம். நாளைக்கித் திங்கக்கெழம. மேக்க சூலமும் கெடையாது. நாளைக்குப் போயிக்கிடலாம்.”

“நாளைக்கு ஏது டிக்கெட்டு அத்தான்?” என்றேன்.

அவர் தெருவின் மறு கோடியில் இருக்கிற தன் வீட்டைப் பார்த்தார். அப்போதுதான் அக்கா அந்தப் பதிமூணாயிரம் கிலோமீட்டர் பேச்சைப் பேசினாள். பேசிவிட்டு, பூட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். உடைக்கச் சொல்லவும் இல்லை, உடைக்க வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ஒரு மாதமாக அவளைப் போட்டு அமுக்கிய அலுப்பு முழுவதும் முகத்தில் வந்து நின்றது. போக வேண்டாம் என்று யாராவது முடிவு செய்துவிட்டால் அவள் அப்படியே உட்கார்ந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பயத்தில்தான், “நான் போயி சாவிய வாங்கிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டேன்.

“காருல போனா அங்கன மாட்டிக்கிடுவோம்” என்றார் டிரைவர். “ஸ்கூட்டில போங்க. வெரசா.”

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். என் வாழ்நாளில் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கில்லை. விடிகாலையில் எழுந்து குளித்துவிட்டு வந்து கடை திறந்திருக்கிறேன். அன்றைக்கு ஊருக்கு வெளியே வந்ததுமே கார்கள் நின்றுகொண்டிருந்தன. ஜன்னல்களில் துண்டு காய்ந்தது. வேன் கூரைகளில் பாத்திரங்கள் இருந்தன. போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே ரோட்டில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். நான் ஓரத்துச் சேற்றில் ஸ்கூட்டியை விட்டு, காலால் தள்ளித் தள்ளிப் போனேன். ஒரு பெரியவர் கார் கண்ணாடியை இறக்கி, “ஏம்மா, இன்னும் எம்புட்டு நேரம் ஆகும்?” என்று என்னிடமே கேட்டார். அதே கேள்வி. “தெரியல அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

ஒரு சிப்ஸ் கடை ஓரமாக ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நடந்தேன். தூறல் இப்போது சட்டென்று கனத்தது. எண்ணெய் வாசனையும், வாழைக்காய் வறுக்கிற வாசனையும், ஈரத்துணி வாசனையும் ஒன்றாக வந்தன. அருவிச் சத்தம் கேட்டது. ஆனால் குளித்துவிட்டு வருகிற கூட்டம் இல்லை. எல்லாரும் ஒரே பக்கமாக, அருவியைப் பார்த்து நின்றார்கள். தண்ணீர் கூடிவிட்டது, போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லாரையும் வெளியே ஏற்றிவிட்டார்கள் என்று ஒரு பெண் சொன்னாள். “காலைலருந்து நிக்கோம். தலைல வச்ச எண்ணெய் ஒழுகிக் கண்ணுல வந்துட்டு” என்றாள்.

பெண்கள் நிற்கிற பக்கத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். எல்லாத் தலையிலும் எண்ணெய், எல்லாத் தோளிலும் துண்டு. யாரைப் பார்த்தாலும் டீச்சர் மாதிரியே இருந்தது. கடைசியில் அவர்தான் என்னைப் பார்த்தார். படிக்கட்டில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார். அருவித் தண்ணீர் இன்னும் ஒரு சொட்டும் மேலே படவில்லை.

“என்னம்மா, நீயும் குளிக்க வந்தியா? அக்காவ வழியனுப்பப் போகல?”

நான் சொன்னேன். அவர் கையிலிருந்த சிப்ஸ் பொட்டலம் மடியில் விழுந்தது.

“ராத்திரி எட்டரைக்குத்தான பிளைட்டு? நான் மூணு மணிக்கு வீட்டுக்கு வந்துருவேனே” என்றார். “மூணுக்கு வந்து, அஞ்சுக்குக் கெளம்பி…” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். விரலை மடக்கினார். திருவனந்தபுரம் வரைக்குமான மலை ரோடு, அங்கே முன்கூட்டியே போய் நிற்க வேண்டிய நேரம், ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து விழுந்ததை நான் பார்த்தேன். “நாலரை, பதினாலுன்னு ஆகாசத்த மட்டும் கூட்டிக்கிட்டு இருந்துருக்கேன்” என்றார் மெதுவாக.

“நாங்களும் அததான டீச்சர் சொன்னோம். சாவி எங்க?”

சாவி அவருடைய கைப்பையில். கைப்பையும் போனும் வேனில். வேன் ஐந்தருவி ரோட்டில் எங்கேயோ நிறுத்தியிருக்கிறது. வேன் பூட்டியிருக்கிறது. வேன் டிரைவர் சாப்பிடப் போயிருக்கிறார். அவர் இதை ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் நானும் அந்த ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மணி ஒன்றைத் தாண்டி இருந்தது.

டீச்சர்தான் என் தோளைத் தட்டினார். “உக்காராதம்மா. போனப் போடு. பூட்ட ஒடைக்கச் சொல்லு.”

“அத்தான் சம்மதிக்க மாட்டாக.”

“என் வீட்டுப் பூட்டு. நான் சொல்லுதேன்.”

அருவிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. இரண்டு பேரும் படியேறி, ஒரு டீக்கடைக்குப் பின்னால் சுவரோரம் போய் நின்றோம். என் போனைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுப்பதற்குள் இரண்டு தடவை கீழே போட்டேன். அக்காவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“கெடச்சாகளா?” என்றாள்.

“கெடச்சாங்க. சாவி கெடைக்கல. டீச்சர் பேசணுமாம்.”

டீச்சர் போனை வாங்கி வகுப்பில் பேசுகிற குரலில் பேசினார். “ஏம்மா, என்ன மன்னிச்சிரு. பூட்ட ஒடச்சிரு. கதவ நெளிச்சாலும் பரவாயில்ல. நான் மனசோடதான் சொல்லுதேன், கேட்டியா?”

நான் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் அத்தான் குரல் கேட்டது. “அவங்க சொல்லுவாங்க. போறது நாமதான. புள்ளப் பெறப் போறவ வீட்டுக்கு ஒடச்சுக்கிட்டா போவாங்க? நாளைக்கு வேற பிளைட்டுல எடத்தப் பாத்து…”

“ஏங்க.”

அக்கா அந்த ஒரு சொல்லை எத்தனையோ விதமாகச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். இப்படிக் கேட்டதில்லை. அத்தான் பேச்சு நின்றது.

“ஒடைக்கது அபசகுனமா? பூட்டிக் கெடக்கதுதான்ங்க அபசகுனம். அங்க ஒருத்தி வயித்தத் தள்ளிக்கிட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருக்கா. இன்னொருக்கயும் தலவாணிக்கு எண்ண தேய்க்கச் சொல்லுதியளா என்ன?”

மாவு மில் அண்ணாச்சி, “தள்ளி நில்லுங்கம்மா, நான் அடிக்கேன்” என்றது கேட்டது.

“வேண்டாம் அண்ணாச்சி. பை என்னுது. மில்லு எடக்கல்ல மட்டும் எடுத்துட்டு வாங்க.”

பிறகு இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம் வந்தது. ஒன்று. கொஞ்சம் இடைவெளி. அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுபடி ஒன்று. டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டு எங்களையே பார்த்தார். மூன்றாவது அடியில் ஏதோ தரையில் விழுந்து உருண்டது.

அதற்கப்புறம் நடந்ததை, நான் ரோட்டுக் கூட்டத்தில் ஊர்ந்து தெருவுக்கு வந்து சேர்ந்த பிறகு, மாவு மில் அண்ணாச்சி அன்று சாயங்காலம் எனக்குச் சொன்னார். அக்கா எடைக்கல்லை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். கம்பிக் கதவைத் திறந்து உள்ளே போனாள். பையை எடுத்துத் தோளில் மாட்டி, பாஸ்போர்ட் இருக்கிறதா என்று ஒருதரம் தடவிப் பார்த்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கதவுக்கு வெளியே போட்டு, “டீச்சர் வார வரைக்கும் கதவப் பாத்துக்கிட்டு இதுல உக்காருங்க அண்ணாச்சி, மில்லு இன்னைக்கு ஓட வேண்டாம்” என்றாள். அத்தானைப் பார்த்து, “இன்னும் ஒன்றரை ஆகல, ஏறுங்க” என்றாள். அவர் பின்சீட்டில் ஏறினார். அக்கா தானே முன்கதவைத் திறந்து டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வலிக்கிற காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.